எத்தனை தலையணை

இந்த ஆஸ்பத்திரியில என்னைய ஒரு தடவ சாகடிச்சுட்டாங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அந்தா தெரியுது பாருங்க மருந்து கவுண்டரு, அங்கதான். எம்பட அட்டைய வாங்கி கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்த அம்மிணி, "நாகரத்தினம், சிங்காநல்லூர், இவங்க எறந்துட்டாங்களே, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்"னு கேக்குது. என்னத்தச் சொல்றது? எனக்கு நான் என்ன வேணும்னு அன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க.

உக்காருங்க, உக்காருங்க. டாக்டர் இன்னும் வார்டுல இருந்தே எறங்கல. கால மேல தூக்கி வெச்சுக்கங்க, தொங்கப் போட்டா இன்னும் வீங்கும். கொஞ்சம் முன்னால அந்தப் பையன் உங்ககிட்ட ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு சொல்லிட்டுப் போனானல்ல, எல்லாம் காதுல விழுந்துது. ஒட்டுக் கேக்கலீங்க. பக்கத்துல உக்காந்திருந்தா விழுகுது. மவன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னீங்க பாருங்க, அது நல்லது. வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சேருங்க. ஆனா நான் பட்டதைக் கேட்டுட்டுச் சேருங்க.

எனக்கும் உங்களாட்டத்தான். அடைப்புக் கிடைப்பு ஒண்ணும் இல்லை, நெஞ்சு பம்பு பண்றது பத்தலைன்னு சொல்லிட்டாங்க. தண்ணி கால்ல எறங்கிக்கும், இல்லாட்டி நெஞ்சுல ஏறிக்கும். பொழுதுக்கும் மாத்திரை. மில்லுல நூல் சுத்தற கோன் வைண்டிங்ல நின்னுட்டே வேலை செஞ்ச காலுங்க இது. அப்பெல்லாம் ஒண்ணும் ஆகல. வேலைய விட்டு உக்காந்ததும் வீங்கிக்கிச்சு.

நாங்க இருக்கறது லைன் ஊடு. எங்க ஊட்டுக்கும் துளசிமணி ஊட்டுக்கும் ஒரே செவுரு. அவளுக்கும் இதே சீக்கு. அதென்ன ராசியோ, ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே ஜாக்கெட் அளவு, எடைகூட முன்னப் பின்ன ஒண்ணுதான். ரெண்டு பேரும் ஒரே பஸ் ஏறி இங்க வந்து, இதே பெஞ்சுல உக்காந்து, காட்டிட்டுப் போவோம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சீக்குதான் ஒண்ணு. அவளுக்கு மவன், மருமவ, பேரன் பேத்தின்னு ஊடு நெறய ஆளு. அதுபோக பூக் கட்டற சோலி. விடியக் காலைல மல்லியும் செவ்வந்தியும் வந்து எறங்குனா, கட்டி முடிச்சுக் கடைக்குத் தாட்டி உடற வரைக்கும் அவ ஊட்டு வாசல்ல சந்தை மாதிரி இருக்கும். எனக்கு யாரு? ஊட்டுக்காரர் போயிட்டாரு. ஒரே மக, ஓசூர்ல இருக்கா. ஞாயித்துக்கெழம கூப்படுவா. "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா, சரி வெச்சறட்டுமா?" மூணு கேள்விங்க. மூணாவது கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சிருவா. நல்ல புள்ளைதான், கொற சொல்லல. வேலைக்குப் போறவ.

போன வருசம் தை கழிஞ்சு நாங்க வந்தப்ப, ஒரு டாக்டர் ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசினாரு. பொறுமையான மனுசன். ரெண்டு குரூப்பு பிரிக்கறாங்களாம். வைத்தியம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், மாத்திரையும் ஒண்ணுதான். ஒரு குரூப்புக்கு மட்டும் தெனம் காலைல ஒரு நர்ஸ் போன் போட்டுக் கேக்குமாம். எடை எத்தனை, கால் வீங்குதா, நடந்தா மூச்சு வாங்குதா, இருமல் இருக்குதா, ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்க. தலையணை கூடக் கூட நெஞ்சுல தண்ணி ஏறுதுன்னு அர்த்தமாம். அதுக்குத் தக்க நீர் மாத்திரைய அரை கூட்டிச் சொல்லும், அரை கொறைச்சுச் சொல்லும். இன்னொரு குரூப்புக்குப் போன் கெடையாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போவணும், வழக்கம் போல. போன் போட்டுக் கேட்டா ஆளு நல்லா இருக்குதா, சாவு கொறையுதா, அதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்களாம். யாரு எந்தக் குரூப்புன்னு அவரு கையிலயே இல்லையாம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம்.

குலுக்கிப் போட்டுது. துளசிக்குப் போன், எனக்கு ஒண்ணும் இல்லை.

அன்னிக்கு எனக்கு வந்த ஆத்தரம் இருக்குதே, சொன்னா நம்ப மாட்டீங்க. ஊடு நெறய பேசறதுக்கு ஆளு இருக்கறவளுக்கு இன்னொரு ஆளு. செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறவளுக்கு மூணு மாசம் கழிச்சு வா. டாக்டர்கிட்டக் கேட்டும் பாத்தேன். சார், அவளுக்கு வேண்டியதில்லைங்க, எனக்கு மாத்திப் போடுங்கன்னு. அவரு சிரிச்சுட்டு, "அப்படி மாத்துனா அது ஆராய்ச்சி இல்லம்மா"ன்னுட்டாரு.

போன் குரூப்புக்கு எடை மிஷினு ஒண்ணு குடுத்தாங்க. துளசி மவன் அவளுக்குன்னு ஒரு பட்டன் போனும் வாங்கித் தந்தான். அவளுக்கு அது பெரிய தொந்தரவாப் போச்சு. பூக் கட்டற கையில ஈரம். காதுல வெச்சா வழுக்குது. பேத்தி எடை மிஷின் மேல ஏறிக் குதிக்குது. பத்து நாளு பாத்தா. ஒரு நாள் காலைல போனையும் மிஷினையும் கொண்டாந்து எம்பட ஊட்டுல வெச்சுட்டா. "நாகு, நீ சும்மாதான இருக்கற. அந்தப் புள்ள கேக்கறதுக்கு நீயே சொல்லீரு"ன்னா.

பாத்துக்கங்க, நானாப் போயிக் கேக்கல. அவளாத்தான் கொண்டாந்து குடுத்தா.

மொதல்ல நாயமாத்தான் நடந்துது. போன் வந்தா எடுத்துட்டு அவ வாசலுக்கு ஓடுவேன். காலைக் காட்டும்பேன், எத்தனை தலையணைம்பேன், அவ சொல்றதை நான் சொல்லுவேன். சித்திரை, வைகாசி முகூர்த்தம் வந்துது பாருங்க, அப்பத்தான் மாறிப் போச்சு. ஆளு பூ மார்க்கெட்டுக்கே போயிட்டா. போன் அடிக்குது. என்ன பண்ணறது? எடுத்தேன். "துளசிமணி அம்மாவா?"ன்னு கேட்டுது. ஆமாங் கண்ணுன்னேன். எடை எத்தனைன்னு கேட்டுது. பக்கத்துல மிஷினு. ஏறி நின்னேன். சொன்னேன்.

போன் போடற அந்த நர்ஸ் புள்ளைக்குப் பேரு ஜெபமலர். நாசரேத்துப் பக்கமாம். இங்க ஹாஸ்டல்ல இருந்துச்சு. அது கேக்கற விதமே வேறங்க. "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்கம்மா?"ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். அவசரப்படுத்தாது. எம்பட வயசுக்கு, நான் எப்படிப் படுத்தேன்னு யாரு கேட்டிருக்காங்க? கட்டுனவரு கேட்டாரா, பெத்தவ கேட்டாளா? மொத நாளு ரெண்டுன்னு சொன்னேன். சொல்லிட்டுப் போனை வெச்சுட்டு, அழுதேன். ஏன்னு தெரியல.

நான் ஒரு பொய் சொன்னதில்லீங்க, அதை நல்லாக் கேட்டுக்கங்க. கால் வீங்கியிருந்தா வீங்கியிருக்குதும்பேன். ரெண்டு தலையணைன்னா ரெண்டும்பேன். ஒரு நாள் ஊறுகா தொட்டேனான்னு கேட்டுது, தொட்டேன்னு ஒத்துக்கிட்டேன். வைகாசில கால் கல்லு மாதிரி இருந்துது, நீர் மாத்திரை அரை கூட்டிப் போடுங்கம்மான்னு சொல்லுச்சு. போட்டேன். தண்ணி எறங்கி ஒடம்பு பஞ்சாட்டம் ஆயிருச்சு. அதுக்கப்பறம் ஒத்தத் தலையணைதான். அதைத் துளசிக்கு நான் சொல்லலீங்க. எம்பட காலுக்குச் சொன்ன மாத்திரைய அவளுக்கு எப்படிக் குடுக்கறது? அந்த அளவுக்கு நான் விவரம் கெட்டவ இல்லை.

ஒடம்பப் பத்தி மட்டும் பேசுவோம்னு நெனைக்காதீங்க. என்ன சமைச்சீங்கன்னு கேக்கும். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டும். அம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு சொல்லும். நான் போன் அடிக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுக் குளிச்சு, தலை சீவிப் பொட்டு வெச்சு உக்காந்திருப்பேன். போன்ல பொட்டு தெரியுமான்னு நீங்க கேப்பீங்க. தெரியாது. இருந்தாலும்.

துளசி சாயங்காலம் வாசல்ல பாத்தா கேப்பா. "அந்தப் புள்ள பேசுச்சா?" பேசுச்சும்பேன். "எல்லாம் சொன்னியா?" சொன்னேம்பேன். "சரி சரி"ன்னுட்டுப் போயிருவா. அவளுக்கு அதுல ஒரு தெம்பு. ஆஸ்பத்திரில இருந்து தெனம் தன்னைய விசாரிக்கறாங்கன்னு பூக்காரங்கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லுவா. விசாரிக்கறது என்னைய. பெருமை அவளுக்கு.

ஆடி பொறந்துது. எங்க பக்கம் ஆடிக் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியும். காத்தும் சாரலும். அம்மன் கோயிலுக்கெல்லாம் பூ, வெள்ளிக்கெழமைன்னா அவளுக்குத் தூக்கமே இல்லை. இருமல் புடிச்சுக்கிச்சு. படுத்தா இருமல், எந்திரிச்சு உக்காந்தா அடங்குது. அப்பறம் படுக்கறதையே விட்டுட்டா. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டே தூங்குவா. அவ அந்தப் பக்கம் சாஞ்சா, எம்பட பக்கம் மாட்டியிருக்கற சாமி படம் ஆடும். அதை வெச்சு எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலைல ஜெபமலர் பேசிட்டு இருக்குது. இருமல் இருக்காம்மான்னு கேட்டுது. இல்லைன்னேன். எனக்கு இல்லைங்க, நெசமாவே இல்லை. அந்த நேரம் பாத்து செவுத்துக்கு அந்தப் பக்கம் துளசி இருமறா. விட்டு விட்டு, கொடலே வெளிய வர்றாப்புல. அந்தப் புள்ளைக்குக் கேட்டுருச்சு.

"யாரும்மா அது, அப்படி இருமறது?"

"பக்கத்து ஊட்டுல கண்ணு."

"அவங்களுக்கும் நெஞ்சு வியாதியா?"

அப்பத்தான் எனக்கு வாயில வந்துது. யோசிச்செல்லாம் சொல்லல. "ஆமாங் கண்ணு. உங்க பேசண்டுதான். நாகரத்தினம்னு பேரு. கம்ப்யூட்டர் போன் குடுக்காம விட்டுதே, அவ"ன்னேன்.

அப்பறம் சொல்லுச்சு. "அவங்க அந்தக் குரூப்மா. நான் போன்ல மருந்து சொல்லக் கூடாது. ஆனா இந்த இருமல் நல்லால்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. நாளைக்கே." அதோட விட்டிருந்தாப் பரவால்லீங்க. மெதுவா, தனக்குத்தானே சொல்லிக்கற மாதிரி, "பாவம், அந்த நாகரத்தினம் அம்மா"ன்னுச்சு.

எம்பட பேரை அந்தப் புள்ள வாயால கேட்டது அதுதான் மொதத் தடவ. சொல்றேங் கண்ணுன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

சொன்னனுங்க. சொல்லாம விடல. துளசிகிட்டப் போயி, அந்தப் புள்ள நாகரத்தினத்தை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுச்சுன்னேன். அவ பூவுல இருந்து கண்ணை எடுக்கல. "அப்ப நீ போயிட்டு வா. எனக்கு ஏதாச்சும் சொல்லுச்சா?"ன்னா. உனக்கு ஒண்ணும் சொல்லலைன்னேன். அது பொய்யாங்க? "அப்படின்னா எனக்கு ஒண்ணும் இல்லை. வெறும் சாரலுக்குப் புடிச்ச இருமல்தான். ஏதாச்சும்னா அந்தப் புள்ள சொல்லாம விடுமா"ன்னுட்டு வாழ நாரைப் பல்லுல கடிச்சா.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கறீங்க. வந்திருக்கலாம். வந்தா, யாரு துளசிமணி, யாரு நாகரத்தினம்னு கேள்வி வரும். கேள்வி வந்தா போன் நின்னு போவும். போன் நின்னா அவளுக்கும்தான நட்டம்?

நானே வந்தேன். வரச் சொன்னது நாகரத்தினத்தை, நாகரத்தினம் வந்தா. ஒரு தடவ அந்தப் புள்ளையக் கண்ணாரப் பாக்கணும்னும் இருந்துது. மாடில ஆராய்ச்சி ரூமு. கதவத் தொறந்தா, ஒல்லியா, மாநெறமா, பெரிய கண்ணாடி போட்டுட்டு ஒரு புள்ள. நான் மனசுல நெனைச்சு வெச்சிருந்த மொகமே இல்லை. "வாங்கம்மா"ன்னுச்சு. கொரலு மட்டும் அதேதான். என்னால வாயத் தொறக்க முடியல. தொறந்தா கண்டுபுடிச்சுரும். தொண்டை கட்டியிருக்குன்னு கையால சாடை காட்டி உக்காந்துட்டேன்.

அது எம்பட கையப் புடிச்சு நாடி பாத்துது. அதோட கை சில்லுன்னு இருந்துது. "உங்க பக்கத்து வீட்டுத் துளசிமணி அம்மா மாதிரி யாரும் கிடையாதும்மா. காலைல முதல் போன் அவங்களுக்குத்தான். அவங்ககிட்டப் பேசிட்டாத்தான் எனக்கு நாள் ஓடும்"னு சொல்லுச்சு. என்கிட்டயே சொல்லுது. நான் தலைய ஆட்டறேன். துளசி மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்துதுங்க. ஒரு வார்த்தை பேசாதவ அவ. பேசினது பூரா நானு.

டாக்டர் கொழாய வெச்சுப் பாத்துட்டு நெஞ்சு சுத்தமா இருக்குன்னாரு. போன் இல்லாமயே இந்த அம்மா இவ்வளவு நல்லா இருக்காங்களேன்னு ஆச்சரியப்பட்டாரு. ஜெபமலர்தான், இருமல்னு சொன்னாங்களே சார்னு ரெண்டு தடவ கேட்டுது. போயிருச்சுன்னு நான் கையக் காட்டினேன். அதுக்கு அடுத்த நாள் காலைல போன்ல, "நாகரத்தினம் அம்மா நல்லா இருக்காங்க, பாத்துட்டேன், நீங்க கவலைப்படாதீங்க. நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க, உங்க செக்கப்பை ஆடி கழிச்சு வச்சுக்கலாம்"னுச்சு. சரிங் கண்ணுன்னேன்.

ஆவணில மொத முகூர்த்தத்தன்னிக்கு துளசி போயிட்டா.

காலைல மருமவ காபி கொண்டு போயிருக்கா. செவுத்துல சாஞ்ச மேனிக்கு உக்காந்திருக்கா, மடியில கட்டின சரம் பாதியோட கெடக்குது. அலறுன சத்தத்துல ஓடுனேன். பக்கத்துல ஒரு டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனாங்க. முடிஞ்சுதுன்னுட்டாரு. கால் ரெண்டும் தூணு மாதிரி வீங்கியிருந்துது. மருமவ நெஞ்சுல அடிச்சுட்டுச் சொல்றா, "தெனம் அந்தப் புள்ள போன்ல கேட்டுட்டுத்தான இருந்துச்சு, அது எப்படி இதைக் கண்டுபுடிக்காம விட்டுச்சு"ன்னு. எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. எனக்கும் அன்னிக்கு அது வெசனமாத்தான் இருந்துது. போன் போட்டா ஆளு பொழைச்சுரும்னு சொன்னாங்களே.

வாசல்ல கெடத்தியிருக்குது. பொம்பளைங்க கட்டிப் புடிச்சு அழுதுட்டு இருக்காங்க. அந்த நேரத்துல எம்பட ஊட்டுக்குள்ள போன் அடிச்சுது.

எடுக்காம விடலாம்னுதான் நெனைச்சேன். ஆனா எடுக்காட்டி அந்தப் புள்ள பயந்துக்கும். உள்ள போயி எடுத்தேன். "என்னம்மா அங்க ஒரே அழுகைச் சத்தம்?"னுச்சு. பக்கத்துல ஒரு எழவு கண்ணுன்னேன்.

"ஐயோ, அந்த நாகரத்தினம் அம்மாவா?"

நான் சொல்லலீங்க. அந்தப் புள்ளையாத்தான் கேட்டுது. நான் ஆமாம்னு மட்டும்தான் சொன்னேன்.

அழுதுதுங்க. அந்தப் பக்கம் விசும்பி விசும்பி அழுதுது. "நான் கையப் பிடிச்சுப் பாத்தேனேம்மா, நல்லாத்தானே இருந்தாங்க, வாய் பேசாம உக்காந்திருந்தாங்களே, நான் விட்டுட்டேனே"ன்னு அழுதுது. நான் செவுத்தோரமா உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். எனக்காக ஒருத்தர் அழுததை நான் உசுரோட இருந்து காதால கேட்டேன். எம்பட மக அப்படி அழுவாளான்னு எனக்குத் தெரியல. அழாதங் கண்ணுன்னு நான்தான் தேத்துனேன். வெளிய துளசிக்கு அழறாங்க, உள்ள எனக்கு அழுவுது. அப்பறம் மூக்கை உறிஞ்சிட்டு, "சரிம்மா, நீங்க எப்படி இருக்கீங்க, எத்தனை தலையணை"ன்னுச்சு. ஒண்ணுதாங் கண்ணுன்னேன்.

கொஞ்ச நேரத்துல எம்பட சொந்தப் போனு அடிச்சுது, அலமாரில இருக்கற போனு. நாகரத்தினம் ஊட்டுல யாராச்சும் இருக்காங்களான்னு அந்தப் புள்ளதான் கூப்படுது. அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. எடுக்கல. செத்தவ எப்படி எடுக்கறது?

கருமாதி முடியற வரைக்கும், அதுக்கப்பறமும் போன் வந்துட்டுத்தான் இருந்துது. பட்டன் போனை யாரும் தேடல. அந்தப் புள்ள முன்னைய விட அதிகமாப் பேசுச்சு. "நாகரத்தினம் அம்மா இல்லாம உங்களுக்குத் தனியா இருக்குமேம்மா"ன்னுச்சு. ஆமாங் கண்ணு, தனியாத்தான் இருக்கறேன்னேன். சொல்லி முடிச்சதும் மனசு லேசாயிருச்சு. ஒருத்தர்கிட்ட அதைச் சொல்றதுக்கு எத்தனை வருசம் ஆச்சு எனக்கு.

மாத்திரை தீந்து போச்சு. அதுதான் வெனையாப் போச்சு. எம்பட அட்டைய எடுத்துட்டு வந்தா, அந்தக் கவுண்டர்ல நான் செத்துக் கெடக்கறேன். நான்தானம்மா நாகரத்தினம்னா, அந்த அம்மிணி நம்ப மாட்டேங்குது. மாடிக்குப் போன் போட்டு ஜெபமலரைக் கூப்புட்டுருச்சு. அது எறங்கி வந்துது. என்னையப் பாத்ததும் படியிலயே நின்னுருச்சு, மொகம் வெளுத்துப் போச்சு. இதுக்கு மேல வாயத் தொறக்காம எப்படி இருக்கறது? "பயப்படாதங் கண்ணு, நான்தான்"னேன்.

கொரலு. அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு.

கிட்ட வந்து நின்னுது. "தினமும் நீங்களா பேசுனது?"ன்னுச்சு. ஆமாங் கண்ணு. "அப்ப செத்துப் போனது?" துளசின்னேன். "அந்த இருமல்?" அதுவும் துளசியோடதுதாங் கண்ணுன்னேன். எல்லாத்துக்கும் நேராப் பதில் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கல. அது படி ஏறிப் போயிருச்சு. ரெண்டு மூணு தடவ கைப்புடியப் புடிச்சு நின்னு நின்னு போச்சு.

அப்பறம் அந்தப் பொறுமையான டாக்டர் கூப்புட்டு வெச்சுக் கேட்டாரு. திட்டல. திட்டியிருந்தாத் தேவலைங்க. போன் வந்தவங்க உசுரோட, போன் வராதவங்க செத்துட்டாங்கன்னு எங்க கணக்குல இருந்துதும்மா, நடந்தது தலைகீழுன்னாரு. என்ன சார் தலைகீழு, போன்ல பேசினவ நான், உசுரோட இருக்கறதும் நான், உங்க ஆராய்ச்சி சரியாத்தான வந்திருக்குதுன்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டே இருந்தாரு. ரெண்டு பேரையும் எடுத்துருவோம்னாரு. எடுத்துட்டாங்க. துளசியும் இல்லை, நானும் இல்லை. உசுரோட இருக்கறேன்னு மட்டும் அந்தக் கவுண்டர்ல மாத்திப் போட்டுக் குடுத்தாங்க.

ஜெபமலர் ஊருக்கே போயிருச்சாம். அதுக்கு என் மேல என்ன கோவம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க. பேரை மாத்திச் சொன்னது தப்புத்தான், இல்லைங்கல. ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதைத்தான சொன்னேன். ஒத்தத் தலையணைன்னா ஒத்தத் தலையணைதான. ஒரு தடவ கூப்புட்டு, நாகரத்தினம் அம்மா எப்படி இருக்கீங்கன்னு கேட்டா என்ன? நானும் காலைல குளிச்சுட்டு உக்காந்துதான் இருக்கறேன். துளசி மருமவ செவுத்துக்கு அந்தப் பக்கம் அலமாரி போட்டுட்டா. சாமி படம்கூட ஆடறதில்லை. இப்பெல்லாம் மூணு தலையணை ஆவுது. யாருகிட்டச் சொல்றது?

இருங்க, எங்க எந்திரிக்கறீங்க? இன்னும் கூப்படல. கூப்புட்டா நான் சொல்றேன்.

இப்ப புது ஆராய்ச்சின்னு அந்தப் பையன் சொன்னானல்ல, இதுலயும் காலைல போன் உண்டுன்னுதான் சொன்னான். என்னைய இனிமே சேத்துக்க மாட்டாங்க. உங்களுக்குப் போன் குரூப்பு விழுந்துதுன்னா, கொஞ்சம் ரோசனை பண்ணுங்க. காலை நேரம். ஊட்டுல பேரப் புள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பணும், டப்பால சோறு போடணும், அப்பப் பாத்து அடிக்கும். நீங்க எத்தனையத்தான் பாப்பீங்க? துளசி பட்ட பாட்டை நான்தான் பாத்தேனே.

எம்பட நம்பரைக் குடுத்துருங்க. எனக்குத் தொந்தரவே இல்லை, நான் சும்மாதான் இருக்கறேன். உங்க கால் எப்படி, மூச்சு எப்படின்னு எனக்குச் சொல்லி உட்டீங்கன்னா அப்படியே சொல்லீர்றேன். சொல்ல நேரம் இல்லாட்டியும் பரவால்லீங்க. பதில் எங்கிட்ட இருக்குது.

உங்க பேரு என்னன்னு கேக்கவே இல்லை பாருங்க, இத்தனை நேரம் பேசிட்டு. கமலவேணியா?

கமலவேணி. ஆமாங் கண்ணு, கமலவேணிதான் பேசறேன்.

நல்ல பேருங்க. வாயில சுலபமா வருது.